நான்கு சோறு பதம்

2022 டிசம்பர் 31, நள்ளிரவுக்குச் சில நொடிகளே பாக்கி. அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில், பக்கத்து வீட்டுக்காரரின் கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். மேசை மேல் திறக்காத ஷாம்பெயின் புட்டி வியர்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டம்; ஜார்ஜியா 42, ஒஹாயோ ஸ்டேட் 41. ஒஹாயோ ஸ்டேட்டின் நோவா ரகிள்ஸ் 50 கெஜத் தொலைவிலிருந்து பந்தை உதைக்கப் போகிறார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஒஹாயோவுக்கு வெற்றி. அந்தக் கூடத்தில் ஒஹாயோ பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான். நான் பெற்ற மகளே ஜார்ஜியாவின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரணியில் உட்கார்ந்திருந்தாள்.

உதைத்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. இடப்பக்கம், கம்பத்துக்கு வெகு தூரம் இடப்பக்கம். பந்து காற்றில் இருக்கும்போதே மணி பன்னிரண்டு ஆனது. வெளியே பட்டாசு வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். அது வாழ்த்து மட்டும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பிறகு தோளில் தட்டி, "உங்கள் அணி நல்ல அணிதான். ஆனால் பாருங்கள், என்ன இருந்தாலும் எஸ்.இ.சி. எஸ்.இ.சி.தான்" என்றார்.

ஜார்ஜியா ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். இதில் ஜார்ஜியா இருக்கும் கூட்டணியான எஸ்.இ.சி. எங்கிருந்து வந்தது?

இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடுவது பன்னிரண்டே ஆட்டம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது. எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லை என்பதால் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டணிகளாகப் பிரிந்து, பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. வடக்கே 1896இல் உருவான பிக் டென். ஒஹாயோ ஸ்டேட்டும் மிஷிகனும் அதன் பெருந்தலைகள். தெற்கே 1932இல் உருவான எஸ்.இ.சி.; அலபாமா, ஜார்ஜியா, எல்.எஸ்.யு., டென்னசி எல்லாம் அதில். நம் ஊர்த் தேர்தல் கூட்டணிகளைப் போலவே இங்கேயும் ஆள்பிடிப்பு உண்டு. 2024இல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குத் தாவின. கலிபோர்னியாவின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், அவற்றோடு ஓரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு வந்து சேர்ந்தன. பெயரில் பத்து இருக்கிற கூட்டணியில் இப்போது பதினெட்டு அணிகள். இதைப் பற்றி இங்கே யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

நான் 2006 ஆகஸ்டில் முதுகலை படிக்க, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் வந்து இறங்கியவன். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அறியாதவன். முட்டை வடிவப் பந்தை ஏன் கால்பந்து என்கிறார்கள் என்று கேட்டதற்கு, அறைத்தோழராக இருந்த மதுரைக்கார அண்ணன், "தம்பி, இந்த ஊரில் இருக்கும்வரை இந்தக் கேள்வியை வெளியே கேட்காதே" என்றார். அந்த நவம்பர் 18 அன்று முதலிடத்து ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டாமிடத்து மிஷிகனும் எங்கள் ஊரில் மோதின. முந்தின நாள்தான் மிஷிகனின் பழம்பெரும் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்திருந்தார். 42-39 என்று ஒஹாயோ ஜெயித்தது. ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் அரங்கத்துக்குள். டிக்கெட் கிடைக்காத நாங்கள் வெளியே. சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அன்றோடு நான் மாட்டிக்கொண்டேன்.

மிஷிகன் மீது அந்த ஊருக்கு இருக்கும் பகை லேசானதல்ல. மிஷிகன் ஆட்டம் வரும் வாரத்தில் பல்கலைக்கழக வளாகப் பெயர்ப்பலகைகளில் உள்ள ஆங்கில 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி ஒட்டிவிடுவார்கள். அருங்காட்சியகம், கணிதத் துறை என்று எதுவும் தப்பாது. இப்படிப்பட்டவர்கள் மிஷிகன் வேறு எவரோடு ஆடினாலும், 'நம் கூட்டணியாயிற்றே' என்று கைதட்டுவார்களா? மிஷிகன் தோற்றால் அன்று இரவுச் சாப்பாடு இன்னும் கொஞ்சம் ருசிக்கும், அவ்வளவுதான்.

தெற்கே வழக்கம் வேறு. வேலை கிடைத்து 2012இல் அட்லாண்டாவுக்கு வந்தபோது முதலில் என்னைத் திகைக்க வைத்தது அதுதான். ஆண்டு முழுக்க அலபாமாவைச் சபிக்கும் ஜார்ஜியா ரசிகர், அதே அலபாமா ஒரு வடக்கத்திய அணியை நசுக்கும்போது "எஸ்.இ.சி., எஸ்.இ.சி." என்று முழங்குவார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். ஆனால் அந்த முழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006 பருவம் தொடங்கி 2012 பருவம் வரை ஏழு தேசியப் பட்டங்களும் தொடர்ச்சியாக எஸ்.இ.சி.க்கே போயின: ஃப்ளோரிடா, எல்.எஸ்.யு., மறுபடி ஃப்ளோரிடா, அலபாமா, ஆபர்ன், பிறகு இரண்டு முறை அலபாமா.

அந்த ஏழில் முதலாவது எங்கள் வயிற்றில் அடித்ததுதான். 2007 ஜனவரி 8, அரிசோனா. ஒஹாயோவின் டெட் கின் ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப்போய் டச் டவுன் ஆக்கினார். மதுரைக்கார அண்ணன் சோபாவின் மேல் ஏறி நின்றார். அந்தக் கொண்டாட்டத்தில் சக வீரர்கள் மேலே விழுந்து டெட் கின்னின் கால் போனது. ஆட்டமும் அத்தோடு போனது. ஃப்ளோரிடா 41, ஒஹாயோ 14. ஒஹாயோ ஸ்டேட் அன்று முழு ஆட்டத்திலும் முன்னேறியது 82 கெஜம். மிஷிகனுக்கு எதிராக 42 புள்ளி குவித்த அதே அணி. பந்தைப் பிடித்து நிமிர்வதற்குள் ஃப்ளோரிடாவின் முன்வரிசை ஆட்கள் வந்து நின்றார்கள். எடையில் யானை, கால்களில் முயல். 'வடக்கத்தியர்கள் மெதுவானவர்கள்' என்ற பேச்சு அந்த இரவில்தான் நாடு முழுக்கப் பரவியது. அன்று வாயடைத்துப்போனவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஒரு ஃப்ளோரிடா ஓர் ஒஹாயோவை அடித்தால், பன்னிரண்டு அணிகள் பதினோரு அணிகளைவிடப் பலசாலிகள் என்று ஆகிவிடுமா? அப்போது எஸ்.இ.சி.யில் பன்னிரண்டும் பிக் டென்னில் பதினொன்றும் இருந்தன. ரஞ்சிக் கோப்பையைப் பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை வென்றது. அதை வைத்து மேற்கு மண்டலம் முழுவதும் அசகாய சூரர்கள் என்று நம்மில் யாராவது சொன்னோமா? பம்பாய் பம்பாய்தான் என்றோம்.

இந்தக் கேள்வியைக் கணக்கால் தீர்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினேன். தொழிலே எண்களோடு என்பதால் வந்த அசட்டுத் தைரியம். புத்தாண்டு இரவின் கடுப்பு ஆறாத அந்த ஜனவரியில், வெஸ்லி காலி என்ற வானியற்பியலாளர் வகுத்த தரவரிசை முறையை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். 1998 முதல் 2013 வரை தேசிய இறுதி ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த அமைப்பு பயன்படுத்திய கணினிக் கணக்குகளில் அதுவும் ஒன்று. அடிப்படை எளிது. ஆட்டமே ஆடாத அணிக்கு மதிப்பு அரை. பிறகு வெற்றிகளோடு ஒன்றையும் ஆட்டங்களோடு இரண்டையும் கூட்டி வகுத்து, எதிராளியின் மதிப்புக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பது அதற்குத் தேவையே இல்லை.

போட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் கண்ணில் பட்டது. 2024இன் எஸ்.இ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு அணிகள், அணிக்கு எட்டு உள் ஆட்டம், மொத்தம் 64. அதில் 64 வெற்றி, 64 தோல்வி. இந்தக் கணக்கு எப்போதும் மாறாது. பதினாறு அணிகளும் தேசத்திலேயே தலைசிறந்தவையாக இருந்தாலும் 64தான்; பதினாறும் சோப்ளாங்கிகளாக இருந்தாலும் அதே 64தான். குண்டுச்சட்டிக்குள் ஓடும் குதிரையின் வேகத்தை வெளியில் இருப்பவன் எப்படி அளப்பது? வெளி அணிகளோடு ஆடும் ஆட்டங்கள் மட்டுமே ஒரு கூட்டணியை இன்னொன்றோடு இணைக்கும் இழைகள். அவற்றிலும் பெரும்பகுதி, சின்னக் கல்லூரி ஒன்றுக்குப் பணம் கொடுத்து வரவழைத்துச் சொந்த மைதானத்தில் அடித்து அனுப்பும் ஆட்டங்கள்.

இழைகள் எவ்வளவு மெல்லியவை என்பதற்கு 2010இல் நடந்த ஒரு கூத்து போதும். கீழ்ப்பிரிவில் ஆப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் ஆடிய ஒரே ஓர் ஆட்டம் காலியின் கணக்கில் சேராமல் விட்டுப்போனது. அதைச் சேர்த்துத் திருத்தியதும் தேசியத் தரவரிசையில் பத்தாமிடத்தில் இருந்த எல்.எஸ்.யு. பதினொன்றுக்கு இறங்கியது, பாய்சி ஸ்டேட் பத்துக்கு ஏறியது. அந்த இரண்டு அணிகளுக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. காலி தன் முறையை முழுமையாக வெளியிட்டிருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணினி வேண்டாம், சங்கிலி போட்டுப் பார்க்கலாம் என்பீர்கள். அதையும் செய்தேன், அதே 2022 பருவத்துக்கு. மிஷிகன் ஒஹாயோ ஸ்டேட்டை 45-23 என்று, 22 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. மிஷிகனை டி.சி.யு. என்ற டெக்சாஸ் கல்லூரி அணி 51-45 என்று வென்றது, ஆறு புள்ளி. அந்த டி.சி.யு.வை இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா 65-7 என்று உரித்துத் தொங்கவிட்டது, 58 புள்ளி. கூட்டினால் ஜார்ஜியா ஒஹாயோ ஸ்டேட்டைவிட 86 புள்ளி பலசாலி. நேரில் மோதியபோது வித்தியாசம் ஒரு புள்ளி. அதுவும் கடைசி உதை இடப்பக்கம் போனதால்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. அது பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தீ என்றால்தான் செல்லும். 2024 வழக்கமான பருவத்தில் எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் நேருக்கு நேர் மோதியவை நான்கே ஆட்டம். டெக்சாஸ் மிஷிகனை 31-12 என்றும், அலபாமா விஸ்கான்சினை 42-10 என்றும், எல்.எஸ்.யு. யு.சி.எல்.ஏ.வை 34-17 என்றும் வென்றன, யு.எஸ்.சி. மட்டும் எல்.எஸ்.யு.வை 27-20 என்று வென்றது. மூன்றுக்கு ஒன்று. இந்த நான்கு சோற்றை வைத்து அந்த இலையுதிர்காலம் முழுக்க எவ்வளவு பேசினார்கள் என்கிறீர்கள்! எஸ்.இ.சி.யில் மூன்று தோல்வி கண்ட அணி, பிக் டென்னில் ஒரே தோல்வி கண்ட அணியைவிட மேல் என்றார்கள். டிசம்பரில் அடுத்த கரண்டி விழுந்தது. ஒஹாயோ ஸ்டேட் தன் ஊர்க் குளிரில் டென்னசியை 42-17 என்று வென்றது, பிறகு டெக்சாஸை 28-14. ஏழு வெற்றி ஐந்து தோல்வியோடு, முக்கிய ஆட்கள் பலர் இல்லாமல் வந்த மிஷிகன் அலபாமாவை 19-13. இல்லினாய் தென் கரோலினாவை, யு.எஸ்.சி. டெக்சாஸ் ஏ அண்டு எம்மை. எஸ்.இ.சி. பக்கம் மிசூரி மட்டும் ஐயோவாவை மூன்று புள்ளியில் தாண்டியது. ஐந்துக்கு ஒன்று.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "பருவம் முடிந்து ஆடும் பௌல் ஆட்டங்களில் பாதி வீரர்கள் ஆடுவதே இல்லையே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?" என்றார். நியாயமான பேச்சு. 2007 ஜனவரி 8ஆம் தேதி இரவும் இதே நியாயத்தைச் சொல்லியிருக்கலாம் என்றேன். அது தேசிய இறுதி ஆட்டம், அதில் எல்லோரும் ஆடினார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். தோற்றுப்போனேன்.

ஆனால் அவருடைய இன்னொரு வாதத்தை மட்டும் என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. 'ஆழம்' என்ற வாதம். 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, நாஷ்வில் தெருக்கள் வழியாக ஊர்வலமாகப் போய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அழகான காட்சி, நான் அதை நாலைந்து முறை பார்த்தேன். மறுநாள் பேச்சு என்ன? 'பார்த்தீர்களா, எஸ்.இ.சி.யில் கடைசி அணிகூட எவ்வளவு பலம்!' 2018இல் பர்டியூ, ஒஹாயோ ஸ்டேட்டை 49-20 என்று அடித்தபோது இதே ஆட்கள், 'பார்த்தீர்களா, பிக் டென்னின் முதல் அணியே எவ்வளவு பலவீனம்!' என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஆகஸ்டில் ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே எட்டு எஸ்.இ.சி. அணிகளைத் தரவரிசையின் முதல் இருபத்தைந்தில் வைத்துவிட்டால், பிறகு அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்போது வெற்றி பெரிய வெற்றி, தோல்வி கௌரவமான தோல்வி. 2011 பருவத்தில் இது உச்சத்துக்குப் போனது. நவம்பரில் எல்.எஸ்.யு. அலபாமாவை டச் டவுனே இல்லாமல் 9-6 என்று வென்றது. ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தில் மறுபடி அதே இரண்டு அணிகள். அலபாமா 21-0. நாட்டின் மற்ற பகுதிகள் அன்று வெறும் பார்வையாளர்கள். அந்த எரிச்சல்தான் 2014இல் நான்கு அணி ப்ளே-ஆஃப் முறை வர ஒரு காரணமானது.

இத்தனை சொன்ன பிறகும் ஒன்றை மறைக்க மாட்டேன். 2006க்கும் 2022க்கும் இடையில் எஸ்.இ.சி.யின் உச்சி அணிகள் வடக்கத்திய உச்சி அணிகளைவிட மெய்யாகவே மேல். அதற்குக் காரணம் கூட்டணியின் மகிமை அல்ல, மண். 2007 முதல் ஒவ்வோர் ஆண்டும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வில் அதிக ஆட்களை அனுப்பிய கூட்டணி எஸ்.இ.சி.தான். முன்வரிசையில் நிற்கும் நூற்று முப்பது கிலோ ஆள் ஓடவும் தெரிந்தவனாகக் கிடைப்பது எங்கும் அரிது. கிடைக்கும் இடங்களில் ஜார்ஜியா, ஃப்ளோரிடா, டெக்சாஸ், லூயிசியானா முன்னால் நிற்கின்றன.

அந்த மண்ணில் விளைந்தவர்கள் ஒரு காலத்தில் அங்கே ஆட முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. 1967இல் கென்டக்கிக்காக நேட் நார்த்திங்டன் களமிறங்கும்வரை எஸ்.இ.சி. ஆட்டத்தில் கறுப்பின வீரர் ஒருவர்கூடக் கால்வைத்ததில்லை. அதே காலத்தில் பிக் டென்னின் மிஷிகன் ஸ்டேட்டில் பயிற்சியாளர் டஃபி டாகர்ட்டி, தெற்கு கதவடைத்த பையன்களை வடக்கே அழைத்து வந்தார். டெக்சாஸிலிருந்து பப்பா ஸ்மித், தென் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர், வட கரோலினாவிலிருந்து, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே. 1966இல் அந்த அணி நோட்டர் டேமோடு 10-10 என்று சமன் செய்த ஆட்டத்தை இன்றும் 'நூற்றாண்டின் ஆட்டம்' என்பார்கள். ஆக, அன்று 'பிக் டென் பலம்' என்று எண்ணியதில் ஒரு பங்கு தெற்கின் பலம்தான்.

1970 செப்டம்பரில் யு.எஸ்.சி. அலபாமா மண்ணில் உள்ள பர்மிங்ஹாமுக்கே வந்து அலபாமாவை 42-21 என்று வென்றது. யு.எஸ்.சி.யின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 கெஜம் ஓடினார். அன்றிரவோடு தெற்கு மனம் மாறியது என்று சொல்லிக்கொள்வார்கள். அது கொஞ்சம் பூசிய கதை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அலபாமா அதற்கு முன்பே சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் ஆட அனுமதி இல்லாததால் அவர் அன்று இறங்கவில்லை. எப்படியோ, கதவு திறந்தது. பையன்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆடத் தொடங்கினார்கள். 1968இல் ஒஹாயோ ஸ்டேட், ஏ.பி. செய்தி நிறுவனத்தின் பருவ இறுதித் தரவரிசையில் முதலிடம் பெற்ற பிறகு, அடுத்த பிக் டென் அணிக்கு அந்த இடம் கிடைக்க 1997 ஆயிற்று. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு போட முடியாதுதான். ஆலைகள் மூடியதும் மக்கள் தெற்கே குடிபெயர்ந்ததும் சேர்ந்தே நடந்தன. ஆனாலும், வீரர்கள் எங்கே போக அனுமதி உண்டோ அங்கே பலம் போகிறது என்று எனக்குப் படுகிறது.

இப்போது பணம் அதே வேலையைச் செய்கிறது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதும் இல்லை. ஜார்ஜியாவில் மூன்றாம் வரிசையில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பவன் இன்று வடக்கே போய் முதல் வரிசையில் நிற்கலாம், கைநிறையக் காசோடு. பிக் டென் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர் கூட்டமும் பெரிது, அவர்களுடைய பணப்பையும் பெரிது. 2023 பட்டம் மிஷிகனுக்கு. 2024 ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. 2025 இந்தியானாவுக்கு.

இந்தியானா! கொலம்பஸில் இருந்த ஆண்டுகளில் இந்தியானா ஆட்டம் என்றால் அன்றைக்குத் துணி துவைக்கலாம் என்று அர்த்தம். 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. பிறகு கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார். இரண்டே ஆண்டில், ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3 என்று துடைத்து, இறுதி ஆட்டத்தில் மயாமியை 27-21 என்று வென்று, பதினாறுக்குப் பதினாறு. நான் இந்தியானாவுக்காக ஒரு நாளும் கைதட்டியவன் அல்ல. அன்று இரவு தட்டினேன். அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு, "பிக் டென், பிக் டென்" என்று ஒரு செய்தியும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் என் கையில் இருப்பதும் கடைத்தேங்காய் என்று உறைத்தது.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சிக்னெட்டி நான்கு ஆண்டு அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சபானிடம் உதவியாளராக வேலை கற்றவர். இது எஸ்.இ.சி. பட்டம்."

விடுவேனா? "சபான் ஒஹாயோவில் கல்லூரி ஆட்டம் ஆடியவர், ஒஹாயோ ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளர், மிஷிகன் ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கே நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்."

"சபான் பிறந்தது மேற்கு வர்ஜீனியாவில். அது தெற்கு."

"மேற்கு வர்ஜீனியா 1863இலேயே உங்களைவிட்டுப் பிரிந்து வடக்கோடு சேர்ந்துவிட்டது."

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு ஜார்ஜியா அணியின் சின்னமான புல்டாக் நாயின் படம் வந்தது. அதற்குக் கீழே, "நாளை குப்பை வண்டி வரும் நாள், தொட்டியை வெளியே வைக்க மறந்துவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தது.